சிவப்புப் பொட்டு வைத்த பேட்டரி

கூலாய் ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய ஒரு மீட்பு நிலையத்தில் வாக்கி டாக்கிக்குப் பதில் சொல்வதுதான் என் வேலை. படகில் போகிறவர்களும் ஆம்புலன்சில் போகிறவர்களும் என்னிடம்தான் பேசுவார்கள். வாக்கி டாக்கி செட்டுகளைக் குறை சொல்ல மாட்டேன். பேட்டரிதான் உயிரை வாங்கும். காலையில் முழுசாக ஏற்றிக் கொடுத்தால் மத்தியானத்துக்குள் படுத்துவிடும். புதுசு கேட்டோம். வரும், வரும் என்றார்கள். வந்தபாடில்லை.

சரி, நாமாவது ஒரு வழி செய்வோம் என்று எல்லாவற்றையும் சோதித்து, நாள் முழுக்கத் தாங்குகிற சில பேட்டரிகளின் மேல் என் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தேன். எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம்! எது நல்லது என்று அதுவரை தெரியாமல் இருந்த ஆட்களுக்கெல்லாம் நானே காட்டிக்கொடுத்துவிட்டேன். ஒரே வாரத்தில் பொட்டு வைத்த ஒன்றுகூட சார்ஜரில் இல்லை. மழைக்கோட்டுப் பையிலும் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கடியிலும் போய் ஒளிந்துகொண்டன.

இதில் பெரிய கள்ளன் எங்கள் படகோட்டி. மாசாய் ஊரிலிருந்து வேலைக்கு வருகிறவன், ரெண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். வெள்ளம் வந்த அன்று காலையில் அவனை வாசலிலேயே மறித்தேன்.

"கோட்டக் கழட்டு."

"என்னக்கா, போலீஸ் மாதிரி செக் பண்றீங்க?"

உள்பையில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் பிடுங்கி ஆம்புலன்ஸ்காரர்களிடம் கொடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டே படகில் ஏறினான்.

மத்தியானம் அவன் குரல் வந்தது. தோட்டத்து வீடுகளில் தண்ணீர் ஏறியதில் ஒரு பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டதாம். படகில் ஏற்றிவிட்டேன், பாலத்துக்குக் கொண்டுவருகிறேன், ஆம்புலன்ஸ் அங்கே நிற்கட்டும் என்றான். சொல்லி முடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் கூப்பிட்டது. பாலத்துச் சாலை மூழ்கிவிட்டது, செம்பனை எண்ணெய் ஆலை வாசல்வரைதான் வர முடியுமாம். உடனே படகைக் கூப்பிட்டேன்.

"அக்கா, பேட்..." என்றான். அவ்வளவுதான், செட் செத்துப்போனது.

அந்தப் பக்கம் மின்சாரம் போய்க் கைப்பேசியும் எடுக்கவில்லை. ஆலை இருப்பதோ பாலத்துக்கு எதிர்த்திசையில். இவன் பாலத்தில் போய் நின்றால் அங்கே ஈ காக்கை இருக்காது. படகில் கிடப்பவளுக்கு விஷம் ஏறிக்கொண்டிருந்தது.

எங்கள் மேலதிகாரி, நாங்கள் 'துவான்' என்று மரியாதையாகக் கூப்பிடும் மலாய்க்காரர், உலு திராம் பக்கம் இருந்த இன்னொரு படகைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன். ஆனால் அது எப்போது வந்து சேர்வது?

"கொஞ்சம் பொறுங்க துவான். அவன்கிட்ட இன்னொரு பேட்டரி இருக்கும்."

"காலையில நீங்கதானே பிடுங்கினீங்க?"

"பிடுங்கினேன். ஆனா அவன் மூஞ்சி வாடவே இல்லையே!"

முருகா, அவன் திருடனாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சத்தியமாக வேண்டிக்கொண்டேன்.

செட் கரகரத்தது.

"அக்கா, படகுலேருந்து பேசுறேன். கேக்குதா?" பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல் அத்தனை தெளிவு.

"பாலத்துக்குப் போகாத! ஆலை வாசலுக்குப் போ. ஆம்புலன்ஸ் அங்கதான் நிக்குது."

"ஆலை வாசல். சரிக்கா, திருப்பிட்டேன்."

"டேய், அந்த பேட்டரி எங்கேருந்துடா வந்துச்சு?"

"ஐயோ, அலமாக்! அத அப்புறம் பேசலாம் லா, அக்கா."

சேனலில் இருந்த அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள் என்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது.

மறுநாள் காலை அவன் அந்த பேட்டரியை என் மேசைமேல் வைத்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராகத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். சிவப்புப் பொட்டின் ஓரத்தில் மிளகாய்ச் சம்பல் அப்பியிருந்தது. நாசி லெமாக் சோறு கொண்டுவரும் டப்பாவுக்குள் அல்லவா ஒளித்திருக்கிறான், படுபாவி!

துடைத்தேன். சார்ஜரில் போட்டுப் பச்சை விளக்கு எரியும்வரை அவனை நிற்கவைத்தேன். பிறகு அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"வச்சுக்கோ. ஆனா இனிமே பிளாஸ்டிக் பையில சுத்தி வை. சம்பல் பட்டா கெட்டுப்போயிடும்."