சுத்தமாகப் பதிந்த குரல்

என் அக்கா கணவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்புச் செய்வது அவர் தொழில். ஜவுளிக்கடைத் தள்ளுபடியோ மின்தடையோ, திருத்தணி முதல் கே.ஜி.கண்டிகை வரை சனங்கள் அவர் வாயால்தான் கேட்டார்கள். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் செய்தால் உயிர் பிழைக்கலாம், பேச்சு போய்விடும் என்றார் டாக்டர்.

பேச்சு போனால் சோறும் போகும். அதற்குள் வாடிக்கைக் கடைகளின் விளம்பரங்களை அவர் குரலில் கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டால், சிடி போட்டாவது பிழைப்பு ஓடும் என்று நினைத்தோம். என் டிடிபி கடையில் கம்ப்யூட்டர் இருந்தது, மைக் இல்லை. அரக்கோணத்தில் இருப்பதிலேயே மலிவான மேசை மைக் ஒன்றை வாங்கி வந்தேன். சனியன், மின்விசிறி, குக்கர் விசில், தெருநாய் எல்லாவற்றையும் சேர்த்துப் பதிந்தது. ஒரு விளம்பரத்தின் நடுவே அவர் மகள் ஓடிவந்து மடியில் ஏறினாள். "இரு கண்ணு, நைனா பேசிகினு இருக்கேன் இல்ல" என்றார். அதுவும் பதிந்தது.

நல்ல மைக் வாங்க வக்கில்லை. கடைசியில் ஆட்டோ மைக்கையே இறக்கினோம். அதன் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போட ஒரு வயர் மட்டும்தான் செலவு. வாயருகே பேசுவதைத் தவிர வேறெதையும் அந்த மைக் சட்டை செய்யவில்லை. பக்கத்தில் குழந்தை அழுதாலும் கேட்காது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டிஸ்கில் இடம் போதவில்லை. முதலில் பதிந்ததை என்ன செய்ய என்று கேட்டேன்.

"அத்த அழிச்சிடு. எந்தக் கடைக்காரன் அதக் கேப்பான்?"

அழித்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு பாவா மறுபடி ஆட்டோ ஓட்டினார். கழுத்துத் துளையைத் துண்டால் மூடி, வாய் திறக்காமல் அவர் உட்கார்ந்திருக்க, தலைக்கு மேலே அவர் குரல் சேலை விற்றது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஒருநாள் அக்கா கடைக்கு வந்தாள், பின்னால் பாவாவும். ஆட்டோவில் பேசுவது தன் நைனா இல்லை என்று குழந்தை சாதிக்கிறதாம்.

"பாப்பாகிட்ட பேசினாரே, அத்த போடுடா. அது கேக்கட்டும்."

நான் வாயைத் திறக்குமுன் பாவா தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார், மறுபடி மறுபடி. தான்தான் அழிக்கச் சொன்னதாக அவர் சொல்கிறார் என்பது அக்காவுக்குப் புரியவில்லை. அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.