பெரியப்பா போட்ட முடிச்சு

என் அருமைப் பிள்ளைகளே,

உங்கள் பெரியப்பாவின் முதலாம் ஆண்டுத் திதிக்கு வருகிறவர்கள் கையில் இந்த நினைவு மலர் இருக்கும். பிரிக்பீல்ட்ஸ் சொந்தங்களும் கிள்ளான் நண்பர்களும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். ஆனால் நான் எழுதுவது உங்களுக்கு. உங்களைப் பொறுத்தவரை பெரியப்பா என்றால் ரொட்டிப் பொட்டலத்தோடு ரயிலிறங்கி வரும் மனிதர். ரப்பர் விலை விழுந்தபோது எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறிப் போயின. நாம் மட்டும் ஏன் போகவில்லை என்று உங்களில் யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவர். எங்கள் தாய் தகப்பனார் காலமான பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு இந்த மலாயா நாட்டுக்கு வந்தார். முதலில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார். பிறகு பங்சார்ப் பக்கம் மின்சார நிலையம் கட்டியபோது கம்பி இழுக்கும் கூலியாகப் போனார். அங்கே பார்த்துப் பார்த்துப் பழகியதுதான் அவருடைய படிப்பு. அதற்குப் பின் கிள்ளானில் ஒரு மோட்டார்ப் படகில் இஞ்சினுக்கும் விளக்குகளுக்கும் பொறுப்பானவராகச் சேர்ந்து, கடைசி வரை அந்தப் படகிலேயே இருந்தார். முன்கோபக்காரர். கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்குத் தாமதமானால் இலை போடும் வரை நிற்காமல் கிளம்பிவிடுவார். பெரியம்மாதான் பின்னாலேயே போய்க் கூட்டி வருவார். ஆனால் அவரிடம் திட்டு வாங்கிய யாரும் அவரை விட்டுப் போனதில்லை.

அந்தப் படகு ஆற்றில் இறங்கி தெலுக் பங்லிமா காராங் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஆட்களையும் அரிசி மூட்டைகளையும் கொண்டுபோகும். திரும்பும்போது ரப்பர்க் கட்டுகளை ஏற்றிவரும். பழைய மரப்படகு. அடியில் எப்போதும் தண்ணீர் ஊறும். அதை இறைத்து வெளியே தள்ள மின்சாரத்தில் ஓடும் சின்னப் பம்பு ஒன்று இருந்தது. படகு கிழடாகக் கிழடாக அந்தப் பம்பால் முடியவில்லை. பெரிய பம்பு வாங்கச் சொல்லி, படகின் சொந்தக்காரரான சீனத் தவுக்கேயை நச்சரித்து இணங்க வைத்தவர் பெரியப்பாதான்.

அந்த நேரத்தில் எனக்கு ரயில்வேயில் வேலை போய்விட்டது. உங்கள் அம்மாவையும் கைக்குழந்தையான மூத்தவனையும் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டில் ஒண்டியிருந்தேன். ஊருக்குத் திரும்பும் கப்பலுக்குப் பெயரும் கொடுத்துவிட்டேன். இரண்டு குடும்பமும் அவர் ஒருவர் சம்பளத்தில் சாப்பிட்டது. அவர், “கப்பல் வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் எங்கூட வந்து ஸ்பானரப் புடி” என்று என்னையும் படகுக்குக் கூட்டிப்போவார்.

புதிய பம்பு வந்தது. பழைய பம்பைக் கழற்றிவிட்டு, அதே வயரில் இதை மாட்டினோம். சுவிட்சைப் போட்டால் முனகியது. குழாயில் வந்த தண்ணீரோ பிள்ளைகள் ஒன்றுக்குப் போகிற மாதிரி வந்தது. அதோடு போகவில்லை. இஞ்சின் அறையில் சுவிட்சுப் பலகைக்கு மேலே முனியாண்டி சாமி படமும், அதன் முன்னால் ஒரு சின்ன மின்விளக்கும் உண்டு. பம்பு ஓடும்போதெல்லாம் அந்த விளக்கு மங்கியது. நிறுத்தினால் பளிச்சென்று எரிந்தது.

இஞ்சினுக்கு எண்ணெய் போடும் மாரிமுத்துவை உங்களுக்குத் தெரியும். நீங்கள் சித்தப்பா என்று கூப்பிடுவீர்களே, அவர்தான். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“அண்ணே, சாமிக்கு இந்தப் பம்பு புடிக்கல. கண்ண மூடுது பாருங்க.”

“சாமிக்குப் புடிக்காட்டி பம்பு நிக்கணும்டா. வெளக்கு ஏன் மங்குது?”

“அது எனக்கெப்படித் தெரியும்? நான் எண்ணெ ஊத்துறவன்.”

பம்பு கெட்டது என்றார் தவுக்கே. விற்ற கடைக்காரர் அதைத் திரும்ப வாங்கிப்போய், கடையில் ஒரு பேட்டரியில் மாட்டிக் காட்டினார். வாளி நிமிடத்தில் நிரம்பியது. தவுக்கே பெரியப்பாவைப் பார்த்து, சனிக்கிழமைப் பயணத்துக்குள் பம்பு ஓட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை போனால் பெரியப்பா குடும்பமும் எங்களோடு கப்பல் ஏற வேண்டியதுதான். வீட்டில் பெரியம்மாவிடம் இதை நாங்கள் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துகொண்டார். அன்று குழம்பில் கருவாடு இல்லாதது பற்றிப் பெரியப்பா ஒரு வார்த்தை பேசவில்லையே!

மறுநாள் காலை பெரியப்பா முதலில் பியூஸைத் திறந்தார். உள்ளே மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செப்புக் கம்பி இருந்தது.

“எவன் வெச்சது இது?”

“அடிக்கடி உருகுதேன்னு நான்தாண்ணே...” என்றார் மாரிமுத்து.

“அடேய், பியூஸ் உருகாம பாத்துக்கிட்டே. வயர் தீப்புடிச்சுப் படகே பியூஸா போயிருக்கும்!”

பிறகு சாமி படத்தின் முன்னால் நின்று கையைக் கூப்பினார். “ஐயா, உங்க வெளக்கக் கொஞ்ச நேரம் எரவல் குடுங்க. மங்குறது அதுதான். எங்க மங்குதுன்னு அதையே கேக்கப்போறேன்.” மாரிமுத்து கற்பூரம் எடுக்கப் போனார். “இங்க எண்ணெ நாத்தம் அடிக்குது, கொளுத்திராத. கும்புட்டதே போதும்” என்று தடுத்தார்.

விளக்கைக் கழற்றி அதற்கு இரண்டு நீள வயர் கட்டினார். பம்பை ஓடவிட்டு, அந்த இரண்டு வயரையும் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்தார். விளக்கு நன்றாக எரிந்தது. அதைப் பம்பின் அருகே கொண்டுபோய் அங்கே வைத்தார். சிவந்து சோர்ந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“தம்பி, மொதலாளி முழுசாத்தான் குடுக்குறாரு. கூலிக்கு வந்து சேரல. அப்ப நடுவுல ஒரு கங்காணி உக்காந்திருக்கான்.”

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. வயர் போகும் வழியெல்லாம் விளக்கை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தோம். பியூஸ் வரை நன்றாக எரிந்தது. சுவிட்சுப் பலகைக்குப் பின்னால் ஓர் இடம் தாண்டியதும் மங்கியது. அந்த இடத்தில் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்தார். சுட்டுவிட்டது. அங்கே வயரின் மேல் துணி சுற்றி, அதன் மேல் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. பிரித்தார். உள்ளே முறுக்கிப் போட்ட முடிச்சு முழுவதும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பாதி இழைகள் அரித்துப் போய், மிச்சமிருந்தது தலைமுடி போலச் சில இழைகள்தான்.

பெரியப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்புப் போய்விட்டது.

அது அவரே போட்ட முடிச்சு. படகில் சேர்ந்த புதிதில், சாமிக்கு அணையாத விளக்கு வேண்டும் என்று மாரிமுத்து கேட்டிருக்கிறார். படகில் எதை அணைத்தாலும் பம்பு வயரை மட்டும் அணைப்பதில்லை. எனவே அதிலிருந்தே விளக்குக்குக் கரண்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் மேலே சாமிக்குத் தேங்காய் உடைக்க, அந்தத் தண்ணீர் பலகைக்குப் பின்னால் வழிந்து, உப்புக் காற்றும் சேர்ந்து, முடிச்சைத் தின்றுவிட்டது. சின்னப் பம்பு அந்தச் சில இழைகளில் எப்படியோ ஓடியது. பெரிய பம்புக்குப் போதவில்லை.

மாரிமுத்து மெதுவாகச் சொன்னார். “அண்ணே, கடைக்காரன் பம்ப ரிப்பேர் பண்ணிக் குடுத்தான்னு சொல்லிருவோம். தவுக்கேக்கு என்ன தெரியப்போவுது?”

எனக்கும் அது சரியென்றே பட்டது. உங்கள் அண்ணன் அப்போது கைக்குழந்தை, பிள்ளைகளே.

“கடைக்காரன் இந்தப் பலகப் பக்கம் வந்ததே இல்லடா. அவன் தலையில எப்படிப் போடுறது?” என்றார் பெரியப்பா.

தவுக்கே வந்தார். பச்சை பூத்த முடிச்சைக் கையில் வாங்கிப் பார்த்தார். “சியாப்பா புன்யா சாலா?” என்றார். யாருடைய தப்பு என்று மலாயில் கேட்டார்.

“சாயா புன்யா, தவுக்கே.” என்னுடையது.

தவுக்கே படகுத்துறை முழுக்கக் கேட்கும்படி திட்டினார். பெரியப்பா, அந்த முன்கோபக்காரர், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். முடிவில் தவுக்கே, கெடுத்தது நீதானே, நீயே சரி செய், சரியாகும் வரை எங்கும் போகக்கூடாது என்றார்.

“அதுக்கப்புறம் தவுக்கே?” என்று பெரியப்பா கேட்டார்.

அதற்கு அவர் சொன்னது: “அப்புறமும் தண்ணீர் ஊறத்தானே செய்யும்?” இறங்கிப் போனவர் திரும்பி வந்து, சாமி விளக்கை மட்டும் எடுத்துவிடாதே என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் பயம்தான்.

பம்புக்குப் பேட்டரியிலிருந்து நடுவில் முடிச்சில்லாமல் தடித்த வயர் ஒன்று இழுத்தோம். சாமி விளக்குக்குத் தனி வயர், தனி பியூஸ். பலகைக்கு மேலே பெரியப்பா ஒரு தகரத்தை வளைத்து அடித்தார். சனிக்கிழமை படகு போனது. குழாயில் தண்ணீர் கை பருமனுக்கு வந்தது. விளக்கு மங்கவில்லை. பெரியப்பாவுக்கு வேலை நிலைத்தது. கொடுத்த பெயரை நான் கப்பலிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் சொல்லி வைத்த பட்டறையில் எனக்கு வேலை கிடைத்தது. பின்னர் ரயில்வே என்னைத் திரும்பக் கூப்பிட்டது. நாம் இந்த ஊர்க்காரர்கள் ஆனோம்.

பெரியப்பாவைக் கொண்டுபோனது காய்ச்சல். கடைசி நாட்களில் நினைவு வந்து வந்து போயிற்று. “தொடச்சாச்சா? தொடச்சாங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியம்மா ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தார். அவர் இல்லையென்று தலையாட்டினார். கழுத்தை, கையை, காலைத் துடைத்தோம். அப்போதும் தலையாட்டினார். எங்களுக்கு விளங்கவில்லை.

அவர் நோயில் இருந்தபோது இரவு பகல் பாராமல் வந்து பார்த்த ஆஸ்பத்திரி டிரெஸர் ஐயாவுக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த அக்கம்பக்கத்துப் பெண்மக்களுக்கும், சுடுகாட்டுக்குத் தோள் கொடுத்த கிள்ளான் சகோதரர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அஸ்தி கரைக்கப் படகையே கொடுத்து, கரையில் தொப்பியைக் கழற்றி நின்ற தவுக்கேயை நீங்கள் எங்கே பார்த்தாலும் வணங்குங்கள்.

அஸ்தி கரைக்கப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. கிளம்பும் முன் மாரிமுத்து வழக்கம்போல் முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்தார். தண்ணீர் தகரத்தில் தெறித்து ஓரமாக வழிந்தது. அதைப் பார்த்து அவர் சொன்னார். “அண்ணே இருந்தா இந்நேரம் துண்ட எடுத்திருப்பாரு. அந்த முடிச்சப் பிரிச்ச நாள்லேருந்து ஒரு வெள்ளிக்கெழம தவறினதில்ல. தகரத்த நம்ப மாட்டாரு. அவரே தொடைப்பாரு.”

ஆற்று வாயில் அஸ்தியைக் கரைத்துவிட்டுத் திரும்பினோம். எல்லோரும் இறங்கிப் போகட்டும் என்று இருந்தேன். மாரிமுத்துவையும் அனுப்பிவிட்டேன். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்துத் தகரத்தைத் துடைத்தேன். பலகையையும், அதன் பின்பக்கம் கை எட்டிய மட்டும் துடைத்தேன். பம்பைப் போட்டு வயரைத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை. விளக்கு அப்படியே நின்று எரிந்தது.

“தொடச்சாச்சுண்ணே” என்று சொல்லிவிட்டுப் பம்பை நிறுத்தினேன்.