பம்பரத்துக்கு ஓய்வூதியம்

அந்தத் தெருவில் அவளைப் பம்பரம் என்று சொன்னால்தான் தெரியும். கால் ஓரிடத்தில் நிற்காது. மூன்று மாடி ஏறி, ஒரே வீட்டில் முப்பது வருஷமாகச் சமையல், துணி, பாத்திரம், பிள்ளை வளர்ப்பு. வீட்டுக்காரியை "அக்கா" என்பாள். யாராவது வாய்தவறி வேலைக்காரி என்று சொல்லிவிட்டால் போச்சு! "நான் அந்த வீட்டு ஆளு, தெரியுமில்ல?" என்று பிலுபிலுவெனப் பிடித்துக்கொள்வாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? வீட்டுவேலை செய்கிறவர்களுக்கும் அறுபது வயதில் ஓய்வூதியம் என்று அரசாங்கம் புதுச் சட்டம் போட்டது. வேலை கொடுப்பவர் பாதி, செய்பவர் பாதி மாதாமாதம் கட்ட வேண்டும். இவளுக்கோ ஐம்பது தாண்டியாயிற்று. முழங்கால் இப்போதே படியில் மக்கர் பண்ணுகிறது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளைகுட்டியும் கிடையாது. விழுந்தடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள்.

"அந்த வீட்டம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்று குமாஸ்தா கேட்டார்.

"கூடப் பொறக்காத அக்கா!" என்றாள், கழுத்தை நிமிர்த்தி.

"சொந்தக்காரங்க வீட்ல வேலை பாத்தா கிடையாதும்மா. உறவு இல்ல, வேலைக்காரிதான்னு இந்தப் படிவத்துல அவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை கடைசி."

அதன் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அக்கா இருக்கும் அறை வாசல் வரை போவாள், திரும்பிவிடுவாள். அட, இதில் என்ன வெட்கம்? பிச்சையா கேட்கிறாள்?

வெள்ளிக்கிழமை காலையில் ஒருவழியாகக் கேட்டுவிட்டாள்.

"உன்னப் போயி வேலைக்காரின்னு எழுதறதா? என் கை கூசாதாடி? நீ எங்க வீட்டு மனுஷி" என்றாள் அக்கா.

கை எதற்குக் கூசியது என்று நமக்குத் தெரியாதா! மாதாமாதம் பாதிப் பங்கு கட்ட வேண்டுமே.

"படியேற முடியாமப் போனா நான் என்னக்கா பண்ணுவேன்?"

"நாங்க இல்லையா? பாத்துக்க மாட்டோமா?"

இந்தப் பேச்சைப் போன மாதம் கேட்டிருந்தால் பம்பரம் குளிர்ந்துபோயிருப்பாள். இன்று அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, கூடத்துக்கு அப்பால் தெரிந்த கதவுகளைப் பார்த்தாள்.

"எந்த ரூம்லக்கா?"

அக்காவும் திரும்பிப் பார்த்தாள். ஒன்று அவளும் புருஷனும் படுப்பது. ஒன்று மகனுடையது. இன்னொன்று விருந்தாளிகளுக்கு. அதைத் தினமும் பெருக்கித் துடைப்பது பம்பரம்தான், ஆனால் அந்தக் கட்டிலில் ஒரு பகல்கூடச் சாய்ந்ததில்லை. அக்கா முகம் சிவக்கப் பேனாவை எடுத்தாள்.

அலுவலகம் பூட்டுவதற்குள் போக வேண்டுமே என்ற பதைப்பில், படியிறங்கும்போதே பம்பரம் காகிதத்தைப் பிரித்தாள். 'உறவு' என்ற இடத்தில் அக்கா தன் கையாலேயே எழுதியிருந்தாள்: எதுவும் இல்லை.

கேட்டு வாங்கியதுதான். ஆனாலும் அந்த இரண்டு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.