வாய்தாவில் காலியான வகுப்பு

புதுக்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். எத்தனையோ கட்சிக்காரர்களின் கேஸ் கட்டுகளைச் சுமந்திருக்கிறேன். இது என் சொந்தக் கட்டு.

அன்னவாசல் பக்கம் எங்கள் ஊர். அங்கே தொடக்கப்பள்ளிக்கு இருந்த ஒரே டீச்சரை மாற்றுப்பணி என்று வேறு பள்ளிக்கு அனுப்பினார்கள். பதில் ஆள் வரவில்லை. சத்துணவு சமைக்கும் அம்மாதான் கதவைத் திறப்பார், சோறு போடுவார், பூட்டுவார். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம், "இன்னிக்கி என்ன நடத்துனாங்க?" என்று கேட்டேன்.

"முட்டைப்பா."

கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தேன். "வக்கீல் ஆபீஸ்காரருக்குத் தெரியாததா? ஆள் இருந்தா அனுப்ப மாட்டேனா? வேணும்னா கோர்ட்டுக்குப் போங்க" என்றார் அதிகாரி.

போனோம். "கல்வி அடிப்படை உரிமைய்யா. இதுல தோத்தா எதுல ஜெயிக்கிறது?" என்றார் எங்கள் சீனியர் வக்கீல். மதுரை ஹைகோர்ட்டில் ரிட் போட்டோம். "கேஸ் முடியற வரைக்கும் ஒரு டீச்சரப் போடச் சொல்லி இடைக்கால உத்தரவு கேப்பமா சார்?" என்றேன். "வேணாம். ரெண்டும் ஒரே கோரிக்கைம்பாங்க. மெயின் கேஸே சீக்கிரம் முடிஞ்சிரும்."

எங்கள் தொழிலில் அது சரியான கணக்கு.

அரசுத் தரப்பு அவகாசம் கேட்டது. வாய்தா. பிறகு இன்னொரு வாய்தா. ஒவ்வொன்றுக்கும் ஊரில் சில பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு தனியார் பள்ளிக்குப் போனார்கள். கடைசிவரை தாக்குப்பிடித்தவர் பக்கத்து வீட்டு முத்தையா. அவரும் ஒருநாள் வந்து நின்றார்.

"ஜெயிச்சிருவோம் முத்தையா. வாய்தாதானே."

"கோர்ட்டுக்கு வாய்தா இருக்குண்ணே. எம் புள்ளைக்கு வயசுல ஏது வாய்தா? கடன ஒடன வாங்கியாச்சும் அங்கிட்டு வேன்ல ஏத்தி விட்டுர்றேன்."

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. உடனே ஆசிரியரை நியமிக்கச் சொல்லி உத்தரவு. சீனியர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

புது டீச்சர் சேர்ந்த அன்று சாயங்காலம் மகளிடம் கேட்டேன்.

"வந்தாங்கப்பா. நல்ல டீச்சர். அட்டெண்டன்ஸ் எடுத்தாங்க. எம் பேரு மட்டுந்தான் கூப்புட்டாங்க."

ஒரு பிள்ளைக்காக ஒரு பள்ளியா என்று கல்வி அலுவலகத்தில் இப்போது பேச்சு எழுந்திருக்கிறது. அடுத்த தபால் என்னவாக இருக்குமோ என்று தினமும் பயப்படுகிறேன்.

கல்வி உரிமையைக் கோர்ட்டில் வாங்க முடியுமா என்று இளம் குமாஸ்தாக்கள் கேட்கிறார்கள். முடியும், வாங்கினோம். ஆனால் பிள்ளைகள் வழக்கு வந்தால் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்லுங்கள். சீனியர் வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேளுங்கள். நான் ஒரு தடவைதான் கேட்டேன்.

காலையில் மகளைப் பள்ளியில் விடும்போது டீச்சர் வாசலிலேயே நிற்கிறார். அவள் உள்ளே போனதும் வகுப்பு நிறைந்துவிடுகிறது.