ரோமானியக் காசும் என் கைப்பைத் திருநீறும்

எழுபதுகளின் நடுவில் சிட்னியில் நடந்தது இது. என் கணவர் அங்கே ஆராய்ச்சி மாணவர். ஹோம்புஷ் என்ற புறநகரில் ஒரு ஃபிளாட்டில் குடியிருந்தோம். எனக்கு ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் தட்டச்சு வேலை, தற்காலிகம்தான். ஆனால் அதை நம்பித்தான் எங்கள் வாடகை.

அன்று, பழைய ரோமானியர்களின் வெள்ளிக் காசுகள் பன்னிரண்டைத் தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் விவரச் சீட்டு அடிக்கச் சொல்லிவிட்டு மேலதிகாரி அம்மாள் சாப்பிடப் போனார். ஒரு காசு மட்டும் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரிக் கறுத்துக் கிடந்தது. மறுநாள் கண்காட்சி. நாலு பேர் வந்து பார்க்கிற இடத்தில் வெள்ளியை இப்படியா வைப்பது? என் கைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் திருநீறு இருக்கும். வீட்டில் குங்குமச்சிமிழைத் துலக்குவதுபோல விரலால் தேய்த்தேன். முதலில் ஒரு ராஜாவின் மூக்கு வந்தது, பிறகு முகமே பளிச்சென்று வந்தது. எனக்கு ஒரே பெருமை.

அப்புறம்தான் அந்தக் காசின் சீட்டை அடிக்க உட்கார்ந்தேன். அம்மாள் கைப்பட எழுதியிருந்தார்: 'பல நூற்றாண்டுக் கருமை அப்படியே உள்ளது. இதுவரை துலக்கப்படாதது.' மற்ற பதினொன்றுக்கும் இல்லாத வரி அது. அந்தக் கருமைதான் அந்தக் காசின் மதிப்பே.

கணவருக்குப் போன் செய்தேன்.

"அந்த வரியை மட்டும் விட்டுட்டு அடிச்சிடட்டுமா?"

"நாளைக்கு அவங்களே கண்டுபிடிச்சா? நீயே சொல்லிடும்மா."

இவருக்கென்ன, போய் நிற்கப்போவது நான்தானே என்று எரிச்சலாக வந்தது. அம்மாள் திரும்பி வருவதற்குள் கடிகாரத்தை எத்தனை தடவை பார்த்தேனோ. திருநீற்றால் வந்த வினைக்கு முருகனிடமே முறையிட்டுக்கொண்டிருந்தேன்.

வந்ததும் சொல்லிவிட்டேன். அம்மாள் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். "போனது போனதுதான், இனி வராது," என்றார். குரல் உயரவேயில்லை. நான் அழுதுவிட்டேன். அவர் பேனாவை எடுத்து, எழுதியிருந்ததன்மேல் கோடு போட்டு, கீழே வேறொன்று எழுதி நீட்டினார்: 'அண்மையில் துலக்கப்பட்டது.' நானே அதைத் தட்டச்சு செய்தேன். துலக்கியது யார் என்று அவர் எழுதவில்லை. வேலையும் போகவில்லை.

மறுநாள் வந்தவர்கள் அந்தப் பளபளப்பான காசின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. இன்றும் கறுத்துப்போன வெள்ளிச்சிமிழைக் கையில் எடுத்தால், என் பெயர் இல்லாத அந்தச் சீட்டு நினைவுக்கு வந்து, துலக்கப் போகும் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது.