பாலைமரத்தடியில் எட்டுச் செக்கன்

நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. இது 1962 ஆவணியில், பட்டப்பகலில், நெடுங்கேணியில் நடந்தது. நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

தவராசா அங்கே படம்பிடிக்கிறவன். அவன் மனைவி கமலாசனி செவ்வாய்க்கிழமை விறகுக்குப் போனவள் திரும்பவில்லை. அவள் கட்டிய விறகு மட்டும் காட்டோரப் பாலைமரத்தடியில் கிடந்தது. மூன்று நாள் ஊரே காட்டைச் சலித்தது. அவள் உடுத்திருந்தது பச்சைச் சேலை. பச்சைக் காட்டுக்குள் அதை எந்தக் கண் பிரித்துப் பார்க்கும்?

நித்திரையில்லாமல் கிடந்த தவராசாவுக்கு வெள்ளி காலை ஒரு யோசனை வந்தது. நில அளவைக்காரர் ஒருவர் விட்டுப்போன அகச்சிவப்புப் பிலிம் அவனிடம் இருந்தது. கறுப்பென்றே சொல்லக்கூடிய கடுஞ்சிவப்பு பில்டரைப் போட்டு எடுத்தால் பச்சை இலை வெள்ளையாக விழும். சாயத்துணி கறுப்பாகத் தெரியும்.

"விசர்க்கதை கதைக்காதேங்கோ அத்தான்," என்றான் கமலாசனியின் தம்பி வீரகத்தி.

"வேற வழி இருந்தாச் சொல்லு."

வீரகத்தி கமராவின் முக்காலியைத் தூக்கினான்.

மதியம் 12.10. பாலைமரத்தை நோக்கிக் கமராவை வைத்தார்கள். பில்டரைப் போட்டதும் கமராவுக்குள் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் எட்டுச் செக்கன் எண்ணவேண்டும். நான்கு படம் எடுத்தான்.

மூன்றாவதில், ஐந்து எண்ணும்போது... கிணுங். காப்புச் சத்தம்.

"கேட்டதோ?" என்றான் தவராசா.

"ஓம்."

நான்காவதையும் எடுத்த கையோடு மரத்தடிக்கு ஓடினார்கள். ஆளில்லை. மண்ணில் ஒரு கண்ணாடிக் காப்புத் துண்டு. கமலாசனியின் காப்பு. பொலிசுக்குக் காட்ட, கமராவில் கிட்டப்படக் கண்ணாடியையும் பூட்டி, ஒரு சாண் தூரத்தில் வைத்து அதை எடுத்தான். 12.40.

பின்னேரம் நாலு மணிக்குப் படங்களைக் கழுவினான்.

முதல் படம். வெள்ளைக் காடு. கறுத்த வானம். வேறொன்றுமில்லை.

இரண்டாவது. மரத்தடியில் கறுப்பாக ஓர் உருவம். சேலை. கமலாசனி நின்றாள்.

"உயிரோட இருக்கிறாளடா..." தவராசா அழுதான்.

மூன்றாவது. அதே இடம். முழங்கால்வரை மண்ணுக்குள்.

நான்காவது. கழுத்துவரை.

படம் எடுக்கும்போது இரண்டு பேரும் அங்கேதான் நின்றார்கள். பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

ஐந்தாவது... காப்புத் துண்டை எடுத்த படம்.

துண்டு இல்லை. முழுக் காப்பு. அதற்குள் ஒரு கை. மண்ணிலிருந்து நீட்டியபடி. ரேகைகூடத் தெளிவாக...

5.20. மரத்தடி. இரண்டு மண்வெட்டி.

"அக்கா... அக்கா..."

மூன்றடியில் தட்டுப்பட்டது.

எலும்பு. கழுத்தெலும்பில் தாலிக்கொடி. தவராசா கட்டியது. இரண்டு வருசத்துக்கு முன்.

எலும்புகளைப் பொலிஸ் வவுனியாவுக்குக் கொண்டுபோனது. மூன்றே நாளில் உடம்பு எப்படி எலும்பாகும் என்று தவராசா எல்லாரிடமும் கேட்டான். மூன்று கிழமைக்குப் பிறகு வைத்தியரின் அறிக்கை வந்தது.

பெண்ணின் எலும்புகள்தான். மண்ணுக்குள் போய்க் குறைந்தது நாற்பது வருடம்.

கமலாசனிக்கு வயது இருபத்தாறு.