எழுபத்தொன்றில் நின்ற எண்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாதச் சனிக்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும். குமரி மாவட்டத்தில் முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். கடலுக்குள் நீண்டு கிடக்கும் பாறை ஒன்றின் மேல், கையில் டேப்லெட்டுடன் நான் நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக்கூட என் கையில் தரமாட்டார்கள், மூன்று உடைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவனிடம் ஒரு மனிதனுடைய மூளையின் கணக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தது.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவன். புத்தகங்களின் முதுகைப் படித்தே அறிவாளி என்று பெயர் வாங்கியவன். என் சகலையின் மகள் சென்னையில் உடலியங்கியல் ஆராய்ச்சி செய்கிறாள். மூச்சடக்கி முங்கிச் சிப்பி எடுப்பவர்களின் தசையிலும் மூளையிலும் ஆக்சிஜன் எப்படிக் கூடிக் குறைகிறது என்பது அவளுடைய ஆய்வு. எங்கள் கடற்கரைப் பேச்சு அவளுக்குப் பாட்டு மாதிரி கேட்டதாம், பொருள்தான் பிடிபடவில்லையாம். ஆகவே மொழிபெயர்க்க நான். மார்த்தாண்டத்தில் பிறந்த எனக்கே கடற்கரைக்காரர்கள் வேகமாகப் பேசினால் பாதிதான் புரியும். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஆய்வுக்கு ஒத்துக்கொண்டவர்கள் அண்ணன் தம்பி இருவர். தம்பிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், முங்குகிறவர் அவர். அண்ணனுக்கு என் வயது. முங்கி முங்கி இடது காது போய்விட்டது. இனி ஆழத்தில் இறங்கினால் வலது காதும் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவர் பாறையில் குந்தியிருப்பார். அவருடைய வேலை செபம் சொல்வது.

விளையாட்டில்லை, அதுதான் வேலை. தம்பி தலையை நீருக்குள் விட்டதும் அண்ணன் 'அருள் நிறைந்த மரியே' செபத்தைத் தொடங்குவார். ஒன்று முடிந்ததும் ஒரு விரலை மடக்குவார். ஏழு, எட்டில் தம்பி மேலே வந்துவிடுவார். பத்தானால் அண்ணன் எழுந்து நிற்பார். பன்னிரண்டானால் காதாவது ஒன்றாவது, குதித்துவிடுவார். அவர்கள் அப்பா காலத்திலிருந்து அதுதான் கடிகாரம். மரியாளிடம் செபிக்கும் வழக்கமோ செபத்தை எண்ணும் வழக்கமோ இல்லாத கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவன் நான். கொஞ்சம் புன்னகையோடுதான் அதைக் கேட்டுக்கொண்டேன்.

கருவி சின்னதுதான், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. நீர் புகாத உறைக்குள் ஒன்றை நெற்றியிலும் ஒன்றைத் தொடையிலும் பட்டி போட்டுக் கட்டினாள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி தோலுக்குள் போய், ரத்தத்தைத் தொட்டுத் திரும்பி வருமாம். திரும்பி வந்த ஒளியை வைத்து, அங்கிருக்கும் ரத்தத்தில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜன் என்று டேப்லெட்டில் எண் விழும்.

முதலில் கரையில் உட்காரவைத்து மூச்சடக்கச் சொன்னாள். தொடையில் எண் சரசரவென்று இறங்கியது, நெற்றியில் அவ்வளவாக அசையவில்லை. நெருக்கடி வந்தால் உடம்பு கைகாலைப் பட்டினி போட்டுத் தலையைக் காப்பாற்றும் என்று விளக்கினாள். எங்கள் கல்லூரியில் இதற்கு நேர்மாறு, முதலில் பட்டினி போடுவது நூலகத்தைத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பாடத்தில் என் மனதில் தங்கியது ஒன்றுதான்: நெற்றி எண் அசையாமல் நின்றால் எல்லாம் நலம்.

ஆசை விடாமல் நானும் நெற்றியில் கட்டிப் பார்த்தேன். பத்தொன்பது வினாடியில் மூச்சு முட்டியது. எண் இம்மியும் குறையவில்லை. தம்பி விழுந்து விழுந்து சிரித்தார்.

"சாருக்க மூளை செலவே செய்யல்ல பாத்தியளா! அப்பிடியே புத்தம்புதுசா இருக்கு."

சகலை மகள் இன்னொன்றும் சொன்னாள். "பெரியப்பா, தண்ணிக்குள்ள போயிட்டா சிக்னல் வராது. மேல வந்தப்புறம்தான் புது நம்பர் வரும். ஞாபகம் வச்சுக்கோங்க." நான் தலையாட்டினேன். நாற்பது வயதுக்கு மேல் தலையாட்டுவதற்கும் கேட்பதற்கும் உள்ள தொடர்பு விட்டுப்போகிறது.

தொடைப்பட்டி அறுந்துபோனதால், வேறு எடுத்துவர அவள் கோயில் முற்றத்தில் நின்ற காருக்குப் போனாள். தான் வரும்வரை யாரும் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவள் போன ஐந்தாவது நிமிடம் தம்பி எழுந்தார். "சார், வெள்ளம் இப்பம் நல்லா தெளிஞ்சு கெடக்கு. அவிய வாறதுக்குள்ள ஒரு முங்கு போட்டுட்டு வரட்டா?"

கையில் டேப்லெட் இருந்தது. அது இருந்தால் அதிகாரமும் இருப்பதாக ஒரு பிரமை. "போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

இடுப்பில் வலைப்பையும் கையில் உளியுமாக அவர் இறங்கினார். தலை மறையும்போது நெற்றி எண் எழுபத்தொன்று. அண்ணன் முணுமுணுக்கத் தொடங்கினார். நான் எண்ணைப் பார்த்தேன். எழுபத்தொன்று. என்ன மனிதர், மீனுக்குப் பிறந்தவர் என்று வியந்தேன். எழுபத்தொன்று. இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை.

அண்ணன் எழுந்து நின்றார். பத்து விரலும் மடங்கியிருந்தன.

"வோய், நேரமாச்சு."

"இருங்க அண்ணே. நம்பர் அசையாம நிக்கு. ஒண்ணும் ஆவாது."

"பதினொண்ணு ஆச்சு வோய்."

"மூளைக்குள்ள உள்ளதே இதுல தெரியுது அண்ணே. செபத்த விட இது துல்லியம்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். மற்றதையெல்லாம் மறதி மீது போடலாம்; இதைப் போட ஆளில்லை. அவர் திரையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படித்தவன் சொல்கிறானே என்று நின்றார். செபத்தை நிறுத்திவிட்டார். எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குத் தெரியாது. எண்ணிக்கொண்டிருந்த ஒரே ஆளின் வாயை நான் அடைத்துவிட்டேனே.

பாறையைச் சுற்றி நீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு குமிழிகூட இல்லை. திரையின் மூலையில் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. எண் மட்டும் ஓடவில்லை. உயிருள்ள ஒருவனின் எண் இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிற்குமா என்று அப்போதுதான் தோன்றியது. "அண்ணே" என்றேன்.

அவருக்கு அது போதுமாயிருந்தது. "அந்தச் சவத்தத் தூக்கி கடல்ல எறியும் வோய்!" என்று டேப்லெட்டைக் காட்டிக் கத்திக்கொண்டே குதித்தார்.

இப்போது பாறையில் நான் மட்டும். எனக்கு நீந்தத் தெரியாது. கீழே இரண்டு பேர். காலையில் தம்பியின் மனைவி எனக்குப் பால் விடாத கட்டன்சாயா தந்திருந்தாள், சீனி போதுமா என்று இரண்டு முறை கேட்டாள். அந்த வாசலில் போய் நின்று என்ன சொல்வேன்? எழுபத்தொன்று இருந்தது என்றா? வார்த்தை முழுதாகத் தெரியாத அந்தச் செபத்தை நான் உளறத் தொடங்கினேன். விரலை மடக்கத் தோன்றவில்லை.

இரண்டு தலைகள் ஒன்றாக மேலே வந்தன. அந்த நொடியில் டேப்லெட் 'டிங்' என்றது. எழுபத்தொன்று மறைந்து நாற்பத்தாறு வந்தது. எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த பிறகு அது உண்மையைச் சொன்னது.

முழங்கால் கிழிய இழுத்துத் தூக்கினோம். தம்பியின் உதடு சிப்பி ஓட்டின் உள்பக்கம் போல நீலம் பாரித்திருந்தது. வலைப்பைக் கயிறு பாறை இடுக்கில் சிக்கியிருக்கிறது. அண்ணன் அதைத் தம்பியின் உளியால் அறுத்திருக்கிறார். "லேய்! கண்ணத் தெற லேய்! மக்கா!" என்று கன்னத்தில் அறைந்தார், வாயோடு வாய் வைத்து ஊதினார். மூன்றாவது ஊதலில் ஒரு இருமல். அந்த இருமலைவிட இனிய சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. நாற்பத்தாறு ஐம்பத்திரண்டாயிற்று, பிறகு அறுபதாயிற்று.

தம்பி கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "எனக்க சிப்பி எங்க?"

சகலை மகள் ஓடிவந்தாள். அவளே ஆஸ்பத்திரிக்குக் காரோட்டினாள். என்னைத் திட்டவில்லை. நடந்ததை நடந்தபடி தன் துறைக்கு எழுதியனுப்பி, கடலில் செய்யும் சோதனையை அத்தோடு நிறுத்திவிட்டாள். தம்பி மறுநாள் வீடு திரும்பினார். அண்ணனின் வலது காதிலிருந்துதான் ரத்தம் வந்துகொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது முறை சத்தமாகச் சொன்னேன். மூன்றாவது முறை கத்தினேன். தெரு முழுவதும் கேட்டது, எதிர்வீட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அதுதான் சரியான தண்டனை.

அவர் கையமர்த்தினார். "நீரு சொன்னீரு. நான் கேட்டேன் பாத்தீரா, அதாக்கும் எனக்க தப்பு" என்றார். பிறகு உள்ளே திரும்பி, சாருக்குச் சாயா போடச் சொன்னார்.

இப்போதெல்லாம் என் மகள் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வருகிறாள். அவள் எங்கே வருகிறாள் என்று கைப்பேசி வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி காட்டும். அது ஒரே இடத்தில் கொஞ்சநேரம் அசையாமல் நின்றால் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, எங்கள் சபையில் சொல்லாத அந்தச் செபத்தைச் சொல்லி ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டே தெருமுனை வரை நடக்கிறேன். பத்து விரல் மடங்குவதற்குள் அவள் வந்துவிட்டால், அன்று பாறையில் அந்த அண்ணனின் எண்ணிக்கையை நான் எங்கே நிறுத்தினேனோ அந்த இடத்துக்குப் போகாமலே தப்பிவிட்டதுபோல் இருக்கிறது.